படிவத்தில் எழுதப்படாத நோய்

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோருக்குப் பயண மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது, முகவரோ இணையத்தில் பாலிசி வாங்கும் பிள்ளைகளோ, முன்மொழிவுப் படிவத்தில் நோய்களைப் பற்றிக் கேட்கப்படும் எல்லாக் கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்று குறித்துவிடுவதும், ஆண்டுக்கணக்கில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிட்டுவரும் முதியவர் அப்படிவத்தைக் கண்ணால்கூடப் பாராமல் விமானம் ஏறுவதும் பல குடும்பங்களில் நடக்கின்றன. பிரீமியம் கூடிவிடுமோ என்ற அச்சம் இதற்கு ஒரு காரணம். மாத்திரையால் கட்டுக்குள் இருக்கும் நோயை நோயாகவே கருதாத மனப்போக்கு அதைவிடப் பெரிய காரணம். காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில் அதுவும் ‘முன்பே இருக்கும் நோய்’தான், பாலிசி தொடங்குவதற்கு முன் குறிப்பிட்ட காலத்துக்குள் கண்டறியப்பட்ட அல்லது சிகிச்சை பெறப்பட்ட உடல்நலக் குறைகள் அதில் அடங்கும்.

காப்பீடு ‘உச்ச நல்லெண்ண’ ஒப்பந்தமாகச் சட்டத்தில் கருதப்படுகிறது. அதாவது, இடரை மதிப்பிடத் தேவையான செய்திகள் பெரும்பாலும் காப்பீடு எடுப்பவரிடமே இருப்பதால், அவற்றை மறைக்காமல் சொல்வது அவருடைய கடமையாகிறது. இக்கோட்பாட்டுக்கு மூலமாகக் காட்டப்படுவது, சுமத்ராத் தீவின் பெங்கூலனில் இருந்த ஆங்கிலேயர் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியதால் எழுந்த வழக்கில், 1766இல் மான்ஸ்பீல்டு பிரபு அளித்த தீர்ப்பு. அக்கடமையை வலியுறுத்திய அதே தீர்ப்பு, தாமே அறிந்திருக்க வேண்டியதைப் பின்னர் ‘மறைக்கப்பட்டது’ என்று சொல்லிக் காப்பீடு அளித்தவர் தப்ப முடியாது எனக் கூறி, காப்பீடு எடுத்தவருக்குச் சாதகமாகவே முடிந்தது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

இந்த இருமுகக் கடமை இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன்னும் வந்தது. 2009இல் பயணக் காப்பீட்டுடன் அமெரிக்கா சென்ற இந்தியர் ஒருவருக்கு, சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தை அடைந்ததும் சோர்வும் வியர்வையும் ஏற்பட, மருத்துவமனையில் இதயக் குழாய் அடைப்பு நீக்கப்பட்டு மூன்று ஸ்டென்ட்டுகள் பொருத்தப்பட்டன. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டுவந்ததை அவர் தெரிவிக்கவில்லை என்பதை ஒரு காரணமாகக் காட்டி, நிறுவனம் கிளெய்மை நிராகரித்தது. நீரிழிவு இருப்பதை அவர் முன்பே தெரிவித்திருந்ததையும், நீரிழிவு நோயாளிகளுக்கு ஸ்டாட்டின் முன்னெச்சரிக்கையாகவும் தரப்படுவதையும் கருத்தில் கொண்ட நீதிமன்றம், தெரிவிக்கப்பட்ட நோயை அறிந்தே பாலிசி வழங்கிவிட்டு அதையே காரணம் காட்டிப் பணம் மறுக்கலாகாது என 2021 டிசம்பரில் தீர்ப்பளித்தது. நோய் மறைக்கப்படாமல் சொல்லப்பட்டிருந்ததே அவரைக் காத்தது; அப்படியிருந்தும் நீதி கிடைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின என்பது வருத்தத்துக்குரியது.

மறைத்த நோய் வெளிப்படுவதற்குத் துப்பறிவாளர் எவரும் தேவையில்லை. அவசரப் பிரிவில் சேர்க்கப்படும் நோயாளியிடம் மருத்துவர் முதலில் கேட்பதே, எத்தனை ஆண்டுகளாகச் சர்க்கரை, என்னென்ன மாத்திரை என்பதைத்தான். உயிருக்கு அஞ்சிய நிலையில் நோயாளியோ உறவினரோ சொல்லும் உண்மையான விடை மருத்துவக் குறிப்பேட்டில் பதிவாகி, கிளெய்முடன் நிறுவனத்தின் மேசைக்குப் போகிறது. அங்கே படிவத்தின் ‘இல்லை’யும் குறிப்பேட்டின் ‘பத்து ஆண்டுகளாக’வும் அருகருகே வைத்துப் பார்க்கப்படுகின்றன. கிளெய்ம் மறுக்கப்பட்டால் மருத்துவச் செலவு குடும்பத்தின் தலையிலேயே விழும். அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அரசின் மெடிகேர் திட்டத்தில் பங்கேற்கும் மருத்துவமனைகள், பணம் செலுத்த முடியாதவரையும் அவசர நிலையில் பரிசோதித்து, உடல்நிலையைச் சீராக்க வேண்டும் என்கிறது. ஆனால் பின்னர் வரும் பில்லை அச்சட்டம் தள்ளுபடி செய்வதில்லை.

நோயைத் தெரிவித்துவிட்டால் எல்லாச் செலவும் கிடைத்துவிடும் என்றும் எண்ணலாகாது. பல பாலிசிகள் முன்பே இருக்கும் நோய்க்கு, உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள்தான் பணம் தருகின்றன. மொத்தக் காப்பீட்டுத் தொகையைப் பார்த்து மகிழ்வதைவிட இந்த உள்வரம்பைத் தேடிப் படிப்பதே முக்கியம்.

பணத்தைக் காட்டிலும் கொடிய இழப்பு வேறு உண்டு. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டுப் பக்கவாதம் வந்தவருக்கு, முதல் நான்கரை மணி நேரத்துக்குள் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டால் பயன் கிடைக்கலாம். ஆனால் அவர் ஏற்கெனவே வார்ஃபரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை எடுத்துக்கொள்பவராக இருந்தால், அதே ஊசி மூளையில் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். பேச்சிழந்து கிடக்கும் தந்தையின் மாத்திரை விவரம் மகனுக்கே தெரியாதபோது, மருத்துவர் எதை நம்பி முடிவெடுப்பார்? பிள்ளைகளுக்கு வீண் கவலை வேண்டாம் என்று நோயை மறைக்கும் பெற்றோர் இதை அவசியம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

விமானப் பயணமும் உடலைச் சோதிக்கவே செய்கிறது. பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம், கடல் மட்டத்திலிருந்து 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்கு, ஏறத்தாழ உதகமண்டலத்தில் இருப்பதற்குச் சமம். நலமாக உள்ளவருக்கு இது தெரியாது, ஆனால் இதயமோ நுரையீரலோ பலவீனமானவருக்கும் கடும் இரத்தசோகை உள்ளவருக்கும் ஆக்சிஜன் குறைவு தொல்லை தரலாம். அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் விமான நிறுவனங்கள், பயணத்துக்குத் தகுதியானவர் என்ற மருத்துவச் சான்றைக் கேட்பதற்கு இந்தக் குறைந்த காற்றழுத்தமும் ஒரு காரணம்.

ஆகவே, நோயின் பெயரையும் மருந்துகளின் வேதிப்பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் எழுதி மருத்துவர் ஒப்பமிட்ட கடிதம், காப்பீட்டு நிறுவனத்தின் அவசர எண், பயண நாட்களுக்குச் சற்று அதிகமான மருந்து ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். உறைந்துபோனால் வீணாகிவிடும் இன்சுலினையும் விமானத்தின் பெட்டிக் கிடங்கில் ஏற்றி அனுப்பலாகாது. வளைகுடா செல்வோருக்கு இன்னும் ஒரு கவனம் தேவை: இந்தியாவில் மருத்துவர் சீட்டுடன் வாங்கும் டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவை ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை என்பதால், முன்அனுமதி பெறாமல் அவற்றைக் கொண்டு செல்பவர் விமான நிலையத்திலேயே கைதாகக்கூடும்.