கம்ப்யூட்டர் பயாஸை முதன்முறையாக அப்டேட் செய்வோர் கவனத்திற்கு

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றதிலிருந்து, நம் பகுதிப் பெற்றோர் பலர் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். "பயாஸ் அப்டேட் செய்யணும் என்கிறான் பையன். போர்டே போயிடும் என்கிறார் கடைக்காரர். எதைக் கேட்பது?" இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அப்டேட் என்பது பத்து நிமிட வேலைதான். அதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு மணி நேர ஏற்பாட்டை விட்டுவிட்டால்தான் போர்டு போகிறது.

பயாஸ் என்பது மதர்போர்டில் ஒரு சிறிய சிப்பில் பதிந்துள்ள மென்பொருள். பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் இயங்குவது அதுதான். மெமரியையும் புராசஸரையும் டிஸ்க்கையும் எழுப்பிவிட்டு, அதன் பிறகே விண்டோஸிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. இப்போது வரும் போர்டுகளில் இருப்பது யூஇஎஃப்ஐ என்ற புதிய வகை என்றாலும் எல்லோரும் பயாஸ் என்றே அழைக்கிறோம். அந்தச் சிப்பில் உள்ளது அழிந்துபோனால் மற்ற பாகமெல்லாம் நன்றாக இருந்தும் கம்ப்யூட்டர் உயிர் பெறாது. 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஹெச் என்ற வைரஸ் உலகெங்கும் பல கம்ப்யூட்டர்களை முடக்கியது இப்படித்தான். டிஸ்க்கில் இருந்ததை அழித்ததோடு பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதிவிட்டது. அப்டேட்டின்போது நாமே அந்தச் சிப்பை அழித்து மீண்டும் எழுதுகிறோம். பாதியில் நின்றால் ஆபத்து என்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, இது நமக்குத் தேவையா என்பது. புதிய பதிப்பு வந்திருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. விண்டோஸ் 11 போட முடியவில்லை என்றால் பெரும்பாலும் அப்டேட் தேவைப்படாது. பயாஸுக்குள் டிபிஎம் அணைந்து கிடக்கும். இன்டெல் போர்டில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம். அதை ஆன் செய்தாலே போதும். இதை 'பயாஸ் அப்டேட்' என்று சொல்லிக் கடையில் பணம் கேட்டால், எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு மாற்றினீர்கள் என்று கேளுங்கள். புராசஸரே மிகப் பழையது என்றால் பயாஸை மாற்றியும் பயனில்லை.

உண்மையிலேயே தேவைப்படும் இடங்களும் உண்டு. பழைய போர்டில் புதிய புராசஸர் போடுவது ஒன்று. இன்னொன்று இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர், குறிப்பாக ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள். தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு அந்தப் புராசஸர்கள் மெல்ல மெல்லக் கெட்டுப்போவதை இன்டெல் நிறுவனமே 2024-இல் ஒப்புக்கொண்டு, அதற்கான திருத்தத்தைப் பயாஸ் அப்டேட் வழியாகத்தான் கொடுத்தது. ஏற்கெனவே கெட்டுவிட்ட புராசஸரை அது சரிசெய்யாது, கெடாமல் காக்கும். அதற்கு வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். இந்த ரகம் வீட்டில் இருந்து, 2024-க்குப் பிறகு பயாஸைத் தொடவே இல்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

செய்வதென்று முடிவானால், போர்டின் சரியான பெயர் வேண்டும். விண்டோஸ் தேடல் கட்டத்தில் எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் தட்டினால் வரும் பட்டியலில் பேஸ்போர்டு பெயரும், இப்போதுள்ள பயாஸ் பதிப்பும் தேதியும் இருக்கும். அதோடு நின்றுவிடக் கூடாது. ஜிகாபைட் பி450எம் டிஎஸ்3ஹெச் என்ற பெயரிலேயே முதல் வகையும் 'வி2' என்ற வகையும் உண்டு. ஒன்றின் ஃபைல் மற்றதற்கு ஆகாது. ஒரே மாடலிலும் ரிவிஷன் எண் வேறுபடலாம். அது போர்டின் ஓரத்திலேயே அச்சாகியிருக்கும். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபைலைப் போர்டு தயாரித்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் நண்பர் அனுப்பியது வேண்டாம். பீட்டா என்று குறித்த பதிப்பும் முதன்முறை செய்பவருக்கு வேண்டாம். ஃபைலுக்குப் பக்கத்தில் உள்ள குறிப்பைப் பொறுமையாகப் படியுங்கள். இடையில் வேறொரு பதிப்பைப் போட்டுவிட்டுத்தான் இதைப் போட வேண்டும், இதற்குப் பிறகு பழையதற்குத் திரும்ப முடியாது போன்ற நிபந்தனைகள் அங்கேதான் இருக்கும். சில ஏஎம்டி போர்டுகளில் சிப்பில் இடம் போதாமல், புதிய பதிப்பில் பழைய புராசஸர்களுக்கான ஆதரவையே எடுத்துவிட்டார்கள்.

அடுத்தது பலரும் மறந்துவிடுவது. விண்டோஸ் 11 உள்ள பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க், நமக்குத் தெரியாமலே பிட்லாக்கர் பூட்டுக்குள் இருக்கும். பயாஸ் மாறியதும் அது சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். எண் இல்லை என்றால் பிள்ளையின் ப்ராஜெக்ட், கடைக் கணக்கு, குடும்பப் படங்கள் எதையும் திறக்க வழியில்லை. அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். யாருடைய கணக்கில் என்பதுதான் நம் வீடுகளில் சிக்கல். வாங்கிய அன்று கடைப் பையன் தன் மெயிலில் திறந்து கொடுத்திருப்பான். அல்லது துபாயில் இருக்கும் மச்சான் தன் கணக்கில் போட்டுக் கொடுத்திருப்பார். அதை முன்கூட்டியே விசாரித்து, எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பிறகு விண்டோஸில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டால் மனம் நிம்மதியாக இருக்கும்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். மின்வாரியப் பராமரிப்பு நாளிலும், மழை இடி நேரத்திலும் வேண்டாம். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். சாதாரண மோடில் அது கரண்ட் மாறும் நொடியிலேயே கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் ஆக்கிவிடலாம். பல இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் உண்டு, அதில் வையுங்கள். தனி யூபிஎஸ் இருந்தால் முந்தைய நாளே, ஃபைல் எதுவும் திறந்திராதபோது, சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துப் பாருங்கள். பேட்டரி செத்துப்போன யூபிஎஸ் எத்தனையோ வீட்டில் அலங்காரமாக நிற்கிறது. மஃரிபுக்குப் பாங்கு சொல்லப் பத்து நிமிடம் இருக்கையில் தொடங்கிவிட்டு, பாதியில் எழுந்து போகும்படியும் வைத்துக்கொள்ளாதீர்கள். சின்னப் பிள்ளைகள் பவர் பட்டன் பக்கம் வராமல் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

செய்யும் முறை எளிது. பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். அதில் உள்ளது எல்லாம் அழியும். இறக்கிய ஜிப் ஃபைலை விரித்து, உள்ளிருக்கும் பயாஸ் ஃபைலை அதில் போடுங்கள். ஃபைல் பெயர் விசித்திரமாக இருந்தாலும், கையேடு சொன்னால் தவிர மாற்றாதீர்கள். ரீஸ்டார்ட் செய்து, டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிப் பயாஸுக்குள் செல்லுங்கள். இப்போதுள்ள அமைப்புகளை ஒவ்வொரு பக்கமாக மொபைலில் படமெடுங்கள். பிறகு அதிலேயே உள்ள அப்டேட் கருவியைத் திறந்து ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். ஆசுஸில் ஈஸி ஃபிளாஷ், ஜிகாபைட்டில் க்யூ-ஃபிளாஷ், எம்எஸ்ஐயில் எம்-ஃபிளாஷ், ஏஎஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃபிளாஷ் என்று பெயர். டெஸ்க்டாப்பில் விண்டோஸுக்குள்ளிருந்து செய்வதைவிட இதுவே நல்லது. விண்டோஸ் நடுவில் உறைந்துபோகும் பயம் இல்லை. லேப்டாப்பில் மட்டும் அந்தந்த நிறுவனத்தின் கருவியையே பயன்படுத்த வேண்டும். பேட்டரியில் நல்ல சார்ஜும் இருக்க வேண்டும், சார்ஜரும் சொருகியிருக்க வேண்டும். சில லேப்டாப்புகளுக்கு விண்டோஸ் அப்டேட் வழியாகவே பயாஸும் வந்துவிடும். நிறுவனத்தின் முத்திரையோடு 'அணைக்காதீர்கள்' என்று திரையில் வந்தால் பட்டனைப் பிடித்து அழுத்தாதீர்கள்.

முடிந்ததும் தானாக ரீஸ்டார்ட் ஆகும். இங்கேதான் பலர் பதறுகிறார்கள். திரை கறுப்பாக இருக்கும், ஃபேன் மட்டும் ஓடும், இரண்டு மூன்று முறை அணைந்து எரியும். மெமரியைப் புதிதாகப் பழக்கிக்கொள்ள அதற்கு நேரம் தேவை. டிடிஆர்5 மெமரி உள்ளவற்றில் பல நிமிடங்கள்கூட ஆகலாம். கால் மணி நேரமாவது கை வைக்காமல் இருங்கள். அதன் பிறகு அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியிருக்கும். எடுத்த படத்தைப் பார்த்து மாற்றுங்கள். குறிப்பாக டிஸ்க் முறை முன்பு ரெய்டு என்று இருந்து இப்போது ஏஹெச்சிஐ என்று மாறியிருந்தால் விண்டோஸ் எழாது. பழையபடி மாற்றினால் எழும். எல்லாம் சரியானதும் பிட்லாக்கரை மறுபடி இயக்குங்கள்.

எவ்வளவு நேரமாகியும் எழவே இல்லை என்றால்? போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா பாருங்கள். பென் டிரைவில் ஃபைலை, கையேடு சொல்லும் பெயருக்கு மாற்றி வைத்து, அந்தப் பட்டன் மூலம் மீண்டும் எழுதலாம். சில ஜிகாபைட் போர்டுகளில் மாற்றுச் சிப் ஒன்று கூடவே இருக்கும். இரண்டும் இல்லாவிட்டாலும் போர்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சிப் வேலை தெரிந்த கடையில் சிறு கருவியைச் சிப்பின் மேல் பொருத்தி மறுபடி எழுதித் தருவார்கள். புதிய போர்டு வாங்கச் சொல்பவரிடம் உடனே தலையாட்டாமல் இதைக் கேளுங்கள். கடைக்குக் கொண்டுபோகும் முன் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம். பயாஸ் பழுதால் டிஸ்க்கில் உள்ளது அழிவதில்லை, அதை ஃபார்மட் செய்ய எந்தத் தேவையும் இல்லை.