பழைய காரின் பக்கக் கண்ணாடியில் இறுகிய பாகங்களை விடுவித்தல்

பழைய கார்களைச் சீரமைக்கும்போது, துருவாலும் உப்பாலும் இறுகிப்போன பக்கக் கண்ணாடியின் திருகுகளையும் மூட்டுகளையும் உடைக்காமல் பிரித்தெடுப்பது தனிக் கவனம் தேவைப்படும் வேலை. அம்பாசடர் 1957 முதல் 2014 வரையிலும், பிரீமியர் பத்மினி 1964 முதல் 2001 வரையிலும் இந்தியாவில் தயாராயின. இவற்றின் அசல் உதிரிபாகங்கள் இன்று எளிதில் கிடைப்பதில்லை. மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட விதிகளின்படி, ஒரு கார் 'விண்டேஜ்' வாகனமாகப் பதிவுபெற முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்திருப்பதோடு பெரிதும் மாற்றப்படாமல் அசல் வடிவிலும் இருக்க வேண்டும். உடைந்த பாகத்துக்குப் பதிலாக ஏதோ ஒன்றைப் பொருத்தத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறுகும் விதம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கார்கள் விரைவில் துருப்பிடிக்கும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளும் இங்கே பெய்கின்றன. மணக்குடி, முட்டம், குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் காற்றோடு உப்பும் சேர்ந்து வந்து படிகிறது. மழைநீர் கதவின் மேல் வழியும்போது கண்ணாடியின் அடித்தட்டுக்குக் கீழே தேங்கி, அங்கேயே உலர்ந்து உப்பை விட்டுச்செல்கிறது.

இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேல் பெருகுகிறது. மரைகளுக்கு நடுவே அதற்கு இடமில்லாததால் திருகு நெரிபட்டு இறுகுகிறது. பல பழைய கண்ணாடிகளின் அடித்தட்டும் தண்டும் துத்தநாக வார்ப்பில் செய்து குரோமியம் பூசப்பட்டவை. திருகோ எஃகு. இரண்டு உலோகங்களுக்கும் இடையே உப்புநீர் புகுந்தால் ஒரு சிறிய மின்கலம் உருவாகும். அதில் அரிக்கப்படுவது துத்தநாகம்தான். திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் அது வெறும் தூசியாக இருக்க வாய்ப்பில்லை. வார்ப்பு கரைந்துகொண்டிருப்பதன் அடையாளம்.

விடுவித்தல்

முதலில் கண்ணாடித் தகட்டையும் அதன் வளையத்தையும் கழற்றிவிட வேண்டும். எண்ணெய் பின்பக்கம் ஊறினால் வெள்ளிப்பூச்சு கெடும். சூடு பட்டால் தகடு விரிசல் விடும். பிறகு கம்பித் தூரிகையால் திருகின் தலையிலுள்ள அழுக்கை நீக்கி, துருநீக்கி எண்ணெய் விட்டு ஒரு இரவு காத்திருப்பது நல்லது. மெல்லிய எண்ணெய் நுண்புழை ஏற்றத்தால் மரைகளுக்குள் ஊர்ந்து செல்லும். அவசரப்படுபவர்கள் விட்டுவிடுகிற கட்டம் இதுதான். கடையில் வாங்கும் எண்ணெய் இல்லாத இடத்தில் மண்ணெண்ணெய் ஓரளவு உதவும். நாஞ்சில் நாட்டில் தாராளமாகக் கிடைக்கும் தேங்காய் எண்ணெய் இதற்கு ஏற்றதல்ல. அது அவ்வளவு மெல்லியதல்ல, சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைந்தும்விடும்.

புளி, வினிகர் போன்ற புளிப்புப் பொருள்களையும் தவிர்க்க வேண்டும். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கும் புளி, துத்தநாகத்தை அரித்துவிடும்.

எண்ணெயால் மட்டும் அசையாத திருகுக்குச் சூடு உதவும். வெப்பத்தில் துத்தநாகம் எஃகைவிட இரு மடங்குக்கும் மேல் விரிகிறது. 6 மில்லிமீட்டர் துளையுள்ள அடித்தட்டு 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடானால், துளை திருகைவிட ஏறத்தாழ 0.006 மில்லிமீட்டர் கூடுதலாக விரியும். கண்ணுக்குத் தெரியாத இந்த இடைவெளியே துருவின் பிடியைத் தளர்த்தவும் எண்ணெய் உள்ளே செல்லவும் போதும். இதற்குக் கொதிநீரை ஊற்றினாலே போதுமானது. கேஸ் டார்ச் ஆபத்தானது. இந்த வார்ப்பு ஏறத்தாழ 380 டிகிரியில் உருகத் தொடங்கும், அதற்கு வெகுமுன்பே வலுவிழக்கும். மண்ணெண்ணெய் விட்ட இடத்தின் அருகே தீயைக் கொண்டுபோகவே கூடாது.

திருப்புளியின் முனை திருகின் பள்ளத்தை முழுதாக நிரப்ப வேண்டும். அதன் பிடியில் சுத்தியலால் இரண்டு மூன்று முறை லேசாகத் தட்டினால் துருவின் பிணைப்பு விரிசல் விடும். வார்ப்புக்கு அடியில் மரக்கட்டை வைத்துத் தட்டினால் அது உடையாது. உடனே கழற்ற முயலாமல், முதலில் இறுக்கும் பக்கமாகச் சற்றுத் திருப்பி, பின் கழற்றும் பக்கமாகத் திருப்ப வேண்டும். கால் சுற்று வந்ததும் மீண்டும் எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் திருப்பினால் பொடி வெளியேறும்.

தலை முறிந்த திருகை, நடுவே புள்ளி குத்தித் துளையிட்டு எடுக்கலாம். துளைக்குள் செலுத்தித் திருப்பும் 'ஈசி அவுட்' உதவும் என்றாலும், அது உள்ளேயே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதைத் துளைக்காது.

உருண்டை மூட்டு

கண்ணாடியைத் திருப்ப உதவும் உருண்டை மூட்டில்தான் அதிகச் சேதம் நேர்கிறது. கண்ணாடித் தலையைப் பிடித்து நெம்பினால் தண்டின் கழுத்து முறியும். பின்புற நட்டைத் தளர்த்தி, ஸ்பிரிங்கின் அழுத்தத்தைக் குறைத்து, எண்ணெய் ஊறிய பின் தண்டை அதன் அச்சிலேயே சுழற்ற வேண்டும். விடுபட்ட உருண்டையை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, மிக மெல்லிய கிரீஸ் பூசலாம். உராய்வினால்தான் இந்த மூட்டு நிற்கிறது. கிரீஸ் கூடினால் ஆரல்வாய்மொழிக் காற்றிலேயே கண்ணாடி சாய்ந்துவிடும். பின்னால் வரும் பேருந்து ஓட்டுநருக்குத் தெரியாது.

மீண்டும் பொருத்தும்போது எவர்சில்வர் திருகு பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அது துத்தநாகத்தின் அரிப்பைக் குறைக்காது, கூட்டவே செய்யும். துத்தநாகம் பூசிய எஃகுத் திருகே பொருத்தமானது. மரைகளில் கிரீஸ் தடவி, அடித்தட்டின் கீழ் பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் துண்டை வைத்தால் தண்ணீர் தேங்காது.