லியூபா: பால்குடி மறவாத மாமத் கன்று

இனம்: கம்பளி மாமத்
கிடைத்த இடம்: யமால் தீபகற்பம், வடமேற்கு சைபீரியா, ரஷ்யா
கிடைத்த ஆண்டு: 2007
வாழ்ந்த காலம்: ஏறத்தாழ 42,000 ஆண்டுகளுக்கு முன்

யூரிபே ஆற்றங்கரையில் நெனெட்ஸ் இனக் கலைமான் மேய்ப்பர் ஒருவர் இந்தப் பெண் கன்றைக் கண்டார். அவர் மனைவியின் பெயரே இதற்கும் சூட்டப்பட்டது. இறந்தபோது இதற்கு வயது சுமார் ஒரு மாதம்.

தும்பிக்கையிலும் தொண்டையிலும் சேறு அடைத்திருந்தது. மூச்சுத் திணறி இறந்திருக்கிறது. லாக்டிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியாக்கள் உடலை ஊறுகாய்போல் பதப்படுத்தின. பிறகு உறைநிலம் காத்தது. முடி மட்டும் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது.

வயிற்றில் தாய்ப்பால் இருந்தது. குடலில் வளர்ந்த மாமத்தின் சாணமும் இருந்தது. செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்களைப் பெற இன்றைய யானைக் கன்றுகளும் தாயின் சாணத்தைத் தின்கின்றன. பிடரியில் இருந்த பழுப்புக் கொழுப்பு குளிரில் உடற்சூட்டைத் தந்தது.

இன்று வாழும் விலங்குகளில் மாமத்துக்கு மிக நெருங்கிய உறவு ஆசிய யானை. பெருநிலப்பரப்பில் மாமத்துகள் அழிந்த பின்னும் ஆர்க்டிக் கடலின் ராங்கல் தீவில் ஒரு சிறு கூட்டம் எஞ்சியது. அதுவும் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போனது.