அச்சுக்கு முன்பணம் கொடுக்கும் முன்…

பிளாஸ்டிக் நாற்காலி தயாரிக்கும் சிறு தொழிலுக்குக் கடன் கோரி வரும் திட்ட அறிக்கைகளில், மோல்டு எனப்படும் அச்சுக்கே பெருந்தொகை ஒதுக்கப்பட்டிருப்பதை நாங்கள் காண்கிறோம். ஒரு வடிவத்திற்கென வெட்டிய அச்சு வேறொன்றிற்கு உதவாது. அவ்வடிவம் முன்னரே மற்றொருவர் பெயரில் பதிவாகியிருந்தால் அச்சும் முடங்கும், சரக்கும் முடங்கும். கடன் தவணை மட்டும் மாதந்தோறும் வந்து நிற்கும். எனவே, அச்சுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வடிவமைப்புப் பதிவேட்டைத் தேடிப் பார்ப்பது நலம்.

2000ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டம், ஒரு பொருளின் கண்ணுக்குப் புலனாகும் தோற்றத்தையே காக்கிறது. பொருள் இயங்கும் முறை இதில் அடங்காது. பதிவு 10 ஆண்டுகள் செல்லும்; மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். அதன்பின் அவ்வடிவமைப்பின் மீது பதிவுரிமை இராது.

வடிவமைப்புப் பதிவுகளைக் கொல்கத்தாவிலுள்ள காப்புரிமை அலுவலகம் கவனிக்கிறது. இந்திய அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றித் தேடலாம். பொருள்கள் லொகார்னோ வகைப்பாட்டின்படி பிரிக்கப்பட்டுள்ளன: அறைகலன்கள் 6ஆம் வகுப்பு, பாட்டில், பெட்டி போன்ற கொள்கலன்கள் 9ஆம் வகுப்பு. பொருளின் பெயரை மட்டும் நம்பாமல், வகுப்பு முழுவதையும் பார்த்துப் படங்களை ஒப்பிடுதல் வேண்டும். பதிவு எண் தெரியாதபோது, படிவம் 7இல் உரிய கட்டணத்துடன் அலுவலகத்திடமே விவரம் கோரலாம்.

தேடலுக்கும் எல்லை உண்டு. நிலுவையிலுள்ள விண்ணப்பங்கள் பதிவான பின்னரே வெளியாகும் என்பதால், சில வாரங்கள் கழித்து மீண்டும் ஒருமுறை தேடுவது பாதுகாப்பு. பதிவேட்டில் இல்லாததாலேயே ஒரு வடிவம் புதியதாகிவிடாது. உலகில் எங்கேனும் முன்பே வெளியிடப்பட்டிருந்தால் அதனைத் தம் பெயரில் பதிய இயலாது. தாமே வரைந்த வடிவமாயினும், விண்ணப்பிக்கும் முன் வாட்ஸ்அப்பில் விளம்பரம் செய்துவிட்டால் அவ்வுரிமையை இழக்க நேரிடும்.

பதிவான வடிவில் சிறு மாற்றம் செய்தால் போதும் என்று எண்ணுவதும் தவறு; வெளிப்படையான சாயலும் மீறலே. ஒவ்வொரு மீறலுக்கும் ரூ. 25,000 வரை, ஒரு வடிவமைப்பிற்கு மொத்தம் ரூ. 50,000 வரை உரிமையாளர் கோரலாம். அல்லது இழப்பீடும் தடையாணையும் கேட்டு வழக்குத் தொடரலாம். சிறு தொழிலைப் பெரிதும் பாதிப்பது அத்தடையாணையே.

தேடலில் கிடைத்த விவரங்களைத் தேதியிட்டுத் திட்ட அறிக்கையுடன் இணைத்துக் கொணருமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒத்த வடிவம் ஏதேனும் தென்பட்டால், முதலில் வழக்குரைஞரின் கருத்தைப் பெறுங்கள். அச்சுக்கான ஆணையைப் பின்னர் கொடுக்கலாம்.