தூண்டில் நரம்பும் சுழலுருளையும்

சென்னை மாநகரின் தென்பகுதியில், பட்டினப்பாக்கத்தை அடுத்த சீனிவாசபுரத்திற்கும் ஊரூர்க் குப்பத்திற்கும் இடையே அடையாறு கடலொடு கலக்கின்றது. வடகரையில் மீனவர் குடியிருப்பு. தென்கரையில் 1882 முதல் பிரமஞான சபையார் பேணிவரும் பெருஞ்சோலை. இடையே, 1977-ஆம் ஆண்டில் வெள்ளத்தால் இடிந்து பாதியில் நிற்கும் பாலம். ஆற்று நீரும் கடல் நீரும் கலந்து உவர்ப்புப் பெற்ற கழிமுகமாதலின், மடவை, கிழங்கான், கெளிறு, கொடுவா முதலிய மீன்கள் அங்கே உலவும். கொடுவா பெருவாயுடைய மீன். ஏனைய சிறு மீன்களை விழுங்கி வளர்வது. உவர்நீர் மீன்வளர்ப்பை ஆராயும் நடுவண் நிறுவனம் இக்கழிமுகத்துக்கு அண்மையில் சாந்தோம் நெடுஞ்சாலையிலேயே இருக்கின்றது. அந்நிறுவனத்தார் 1997-இல் கொடுவா மீனைத் தொட்டியில் வைத்தே இனம்பெருக்கிக் காட்டினர்.

மயிலாப்பூரிலிருந்து விடியற்காலையில் இக்கடற்கரைக்கு உலாவச் செல்வது என் வழக்கம். நான் புலால் உண்ணாதவன்; தூண்டிலைக் கையால் தொட்டறியாதவன். அங்ஙனமாயினும் தூண்டில் நரம்பைப் பற்றி உங்களுக்கு எழுதப் புகுந்தேன். அதற்குக் காரணம் என் பேரன். அவன் பட்ட பாட்டைக் கூறுமுன், கருவியைப் பற்றிச் சில சொல்லவேண்டும்.

தூண்டில் நம் நாட்டிற்குப் பழைமையானது. குறுந்தொகையின் ஐம்பத்து நான்காம் பாட்டைப் பாடிய புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைத்திலது. காட்டுயானை வளைத்துக் கைவிட்ட பசிய மூங்கில் விரைந்து நிமிர்வதற்கு, மீனைக் கவ்விய தூண்டிற்கோல் மேலெழுவதை அவர் உவமையாக்கினார். அவ்வுவமையின் சிறப்பால் அவர்க்கு மீனெறி தூண்டிலார் என்பதே பெயராயிற்று. ஒரு புலவர் தம் பெயரை இழந்து தூண்டிலின் பெயரால் வாழ்கின்றார்!

கோல், நாண், தக்கை, ஈயம், முள், இரை என்னும் இவை தூண்டிலின் உறுப்புக்கள். நாண் முற்காலத்தில் பருத்தி நூலாலும் நாராலும் ஆனது. நீரில் ஊறி மக்கும். ஆகவே அதனை அடிக்கடி உலர்த்துவர். 1935-இல் அமெரிக்க நாட்டில் வாலசு கரோதர்சு என்னும் வேதியியல் அறிஞர் நைலான் என்னும் செயற்கைப் பொருளைக் கண்டார். அதனை ஒற்றையிழையாக இழுத்து நாண் செய்யும் வழி பின்னர்ப் பரவியது. மக்காதது, நீரில் கண்ணுக்குப் புலப்படாதது, மயிரினும் சற்றே பருத்திருந்தும் பல கிலோகிராம் எடையைத் தாங்குவது என்பன அதன் நலங்கள். கடற்கரை மக்கள் இதனை நரம்பு என்றும் தங்கூசு என்றும் வழங்குவர்.

இந்நரம்பிற்கு ஒரு குணம் உண்டு. சுருட்டிவைத்த வடிவத்தை அது மறவாது. தளரவிட்டால் பழைய சுருளாகவே மீள முயலும். சிக்கலுக்கெல்லாம் பாதிக் காரணம் இந்த நினைவே. மீதிப் பாதி முறுக்கு.

முறுக்கு எங்கிருந்து வருகின்றது என்பதை அறிய, இக்காலத்துத் தூண்டிற்கோலில் பூட்டியிருக்கும் சுழலுருளையை நோக்கவேண்டும். மக்கள் இதனை ரீல் என்றே சொல்வர். கிணற்றுக் கப்பியும் பட்டம் விடுவோர் கையிலுள்ள நூலுருளையும் தாம் சுழன்று கயிற்றை வாங்கும். இந்த ரீலிலோ நரம்பு தங்கும் உருளை, கைப்பிடியைச் சுற்றும்போது சுழல்வதில்லை. வில்போல் வளைந்த கம்பியொன்று அவ்வுருளையைச் சுற்றிச் சுற்றி வந்து நரம்பை அதன்மேல் படியவைக்கும். இரையை எறியும்போது அக்கம்பியைத் திறந்துவிடுவர். நரம்பு உருளையின் முகப்பு வழியாக வளையம் வளையமாகக் கழன்று ஓடும். உருளை சுழலவேண்டாமையின் சிறு ஈயத்தையும் நெடுந்தூரம் எறியலாம்.

இதனை அமைத்து 1905-இல் உரிமை பெற்றவர் ஆல்பிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த்து என்பவர். அவர் மீனவர் அல்லர். இங்கிலாந்தில் பிராட்போர்டு நகரத்துக் கம்பளியாலைக்காரர். தறியில் நூல் கழல்வதை நாள்தோறும் கண்ட கண்ணே அவர்க்கு இவ்வழியைக் காட்டிற்று. தியாகராய நகர்க் கடைவீதியில் மலைமலையாகக் குவிந்திருக்கும் பட்டுச் சேலைகளை நெய்த காஞ்சிபுரத்து நெசவாளரைக் கேளுங்கள். நாடாவினுள் பொருத்திய தார் சுழல்வதில்லை. அதன் நுனி வழியே ஊடைநூல் கழன்று வருகின்றது என்பர். தறியில் ஓடிய அறிவு ஆற்றில் ஓடிற்று.

இனி என் பேரன் கதைக்கு வருவோம். அவன் பத்தாம் வகுப்பு மாணவன். பாரிமுனையில் ரீலும் நூறு மீட்டர் நரம்பும் வாங்கிவந்து, கூடத்தில் அமர்ந்து சுற்றலானான். முதலில் கம்பியைத் திறவாமலே நரம்பை உருளையிற் கட்டிவிட்டான். கைப்பிடியை எத்தனை முறை சுற்றினும் நரம்பு ஏறவில்லை. முடிச்சை அறுத்துக் கம்பியைத் திறந்து மீண்டும் கட்டினான். பிறகு கால் நாழிகையில் நூறு மீட்டரும் ஏறிவிட்டது. 'பார்த்தீர்களா தாத்தா, எவ்வளவு விரைவு!' என்று பெருமிதம் கொண்டான். நானும் மெச்சினேன். அறியாதவன் மெச்சுதல் ஆபத்து என்பதை மறுநாள் உணர்ந்தேன்.

மறுநாட் காலை கழிமுகத்தில் அவன் முதல் எறிதலை எறிந்தான். பத்து முழம் சென்றதும் உருளையிலிருந்து வளையங்கள் கூட்டமாகப் பாய்ந்து, ஒன்றையொன்று பற்றி, எண்ணெய் காணாத தலைமயிர்போல் ஒரு பந்தாயின. அரைமணி நேரம் நகத்தாலும் பல்லாலும் போராடிச் சலித்து, அப்பந்தை அறுத்து மணலில் எறிந்தான். அருகே வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்துவந்து அதனைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, அறுத்தது தப்பில்லை. ஆனால் அதை ஏன் மணலில் போட்டாய்?" என்றார். அவன் விடை கூறவில்லை. அவர் என்னை நோக்கி, "ஐயா, பிள்ளை நரம்பைச் சுற்றவில்லை; முறுக்கியிருக்கிறான்" என்றார். அவர் சொன்னதன் பொருளை வீட்டிற்கு வந்தபின் ஒரு குவளையையும் நாடாவையும் கொண்டு நானே ஆய்ந்து தெளிந்தேன். நீங்களும் செய்து பாருங்கள்.

ஒரு குவளையின்மேல் துணி நாடாவைத் தட்டையாகப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். குவளையை உருட்டியே அதனைக் கழற்றினால் நாடா தட்டையாகவே வரும். ஒரு முறுக்கும் இராது. மீண்டும் அவ்வாறே சுற்றி, இம்முறை குவளையை அசையாது நிறுத்தி, நாடாவின் நுனி திரும்பாதபடி பற்றி, குவளையின் வாய்ப்பக்கமாக மேலே இழுங்கள். பத்துச் சுற்றும் கழன்றபின் நாடாவில் பத்து முறுக்கு இருக்கக் காண்பீர்கள். முகப்பு வழியாகக் கழலும் ஒவ்வொரு வளையமும் ஒரு முறுக்கைத் தரும். முகப்பு வழியாக ஏறும் ஒவ்வொரு வளையமும் அங்ஙனமே. நாடாவில் முறுக்குத் தெரியும். உருண்டையான நரம்பில் தெரியாது. வேறுபாடு அவ்வளவே.

கடையில் வாங்கிய நரம்புச் சுருளை ஒரு கோலில் கோத்துச் சுழலவிட்டால், அதிலிருந்து வரும் நரம்பில் முறுக்கில்லை. ஆயின் ரீலின் கம்பி தன் ஒவ்வொரு சுற்றிற்கும் ஒரு முறுக்கை ஏற்றும். நரம்பு தொய்ந்தவிடத்து அது சுருண்டு காட்டும். சுருளைத் தரையிற் படுக்கவைத்து முகப்பு வழியே கழற்றினாலோ, அச்சுருளும் சுற்றுக்கு ஒரு முறுக்கைத் தரும். இவ்விரு முறுக்குகளும் ஒன்றையொன்று தீர்க்கலாம். அல்லது ஒன்றோடொன்று சேர்ந்து இரட்டிக்கலாம். எது நிகழும் என்பது சுருளின் எப்பக்கம் மேலே இருக்கின்றது என்பதைப் பொறுத்தது. கைவளையல்களை, இரு கைகளின் விரல்நுனிகளையும் சேர்த்து ஒரு கையினின்று மறுகைக்குத் தள்ளுவதாக எண்ணிப் பாருங்கள். வளையல் திரும்புவதில்லை, புரள்வதில்லை, இருந்தபடியே இடம் மாறுகின்றது. சுருளிலுள்ள வளையங்கள் அவ்வாறு ரீலுக்குச் செல்லுமாயின் முறுக்கில்லை. என் பேரன் சுருளைக் கவிழ்த்து வைத்துவிட்டான். நூறு மீட்டருக்குள் எத்தனை நூறு முறுக்குகள் ஏறினவோ!

எந்தப் பக்கம் என்பதை நினைவில் வைக்க முயலவேண்டா. நரம்பையே கேட்டறியலாம் என்று அம்முதியவர் சொல்லிக்கொடுத்தார். மறுநாள் அவர் கண்முன்னே புது நரம்பு ஏற்றப்பட்டது. நான் கண்டவாறே எழுதுகின்றேன்.

நரம்பின் நுனியைக் கோலின் உச்சி வளையத்தினின்று தொடங்கி எல்லா வளையங்களிலும் நுழைத்து ரீலுக்குக் கொண்டுவந்தார். வளைகம்பியைத் திறந்தார். நுனியை உருளையைச் சுற்றிக் கொணர்ந்து, நீண்ட நரம்பைத் தழுவுமாறு ஒரு முடிச்சும், நுனியிலேயே மற்றொரு முடிச்சும் இட்டு, எச்சில் தொட்டு நனைத்து இழுத்தார். முன்முடிச்சு உருளையை இறுக்கிற்று. பின்முடிச்சு அதனை உருவிவிடாமல் காத்தது. நனையாத நரம்பை இறுக்கினால் உராய்வின் சூட்டால் முடிச்சு வலுவிழக்குமாம். கம்பியை மூடினார். சுருளைப் பேரனின் காலடியில், கோலுக்கு நேரே, முகப்பு மேல்நோக்கப் படுக்கவைத்தார். ஈரத்துணியை நான்காக மடித்து, ரீலுக்கு முன்னே அதனால் நரம்பை மெல்லப் பற்றச் சொன்னார். இப்பிடிப்பு இன்றியமையாதது. தளர்வாக ஏறிய வளையங்களின் இடையே பின்னர் இறுகி ஏறும் வளையம் புதைந்துபோகும். எறியும்போது அது அடுத்தவற்றையும் இழுத்துக்கொண்டு வெளிப்படும்.

இருபது சுற்று ஏறியதும், "நிறுத்து தம்பி, கோலைச் சுருளருகே தாழ்த்து" என்றார். நரம்பு தொய்ந்தது. தொய்ந்த நரம்பு தன்மேல் தானே பின்னிக்கொண்டது. அவர் ஒன்றும் பேசாமல் சுருளைப் புரட்டி மறுபக்கம் மேலாக வைத்தார். மீண்டும் இருபது சுற்று; மீண்டும் தொய்வு. இம்முறை நரம்பு அகன்ற வளைவாகச் சோம்பிக் கிடந்தது; பின்னவில்லை. "இதுதான் பக்கம்" என்றார். உருளையின் விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் அளவு குறைவாக இருக்கும்போது நிறுத்தினார். நிரம்ப ஏற்றினால் வளையங்கள் தாமே சரிந்து விழும். மிகக் குறைத்தால் நரம்பு விளிம்பில் உராய்ந்து எறிதூரம் சுருங்கும்.

இவ்வளவும் செய்தபின்னும் முறுக்கு ஏறும் வழி ஒன்று உண்டு. ரீலில் ஒரு திருகு இருக்கின்றது. பெருமீன் இழுத்தால் நரம்பு அறாமல் உருளை சற்றே சுழன்று விட்டுக்கொடுப்பதற்காக அத்திருகு அமைந்தது. எறியும்போது கழலும் வளையங்கள் தரும் முறுக்கை, இழுத்துச் சுற்றும்போது கம்பி மீட்டுவிடும். செலவுக்கு வரவு சரியாகும். ஆனால் மீன் இழுத்து உருளை சுழன்றுகொண்டிருக்கையில் நாமும் கைப்பிடியை விடாது சுற்றினால், நரம்பு ஒரு சாணும் வாராது. முறுக்கு மட்டும் ஏறும். ஆத்திரத்தில் எல்லாரும் செய்வது அதுவே. மீன் இழுக்கும்போது கையை நிறுத்தவேண்டும்; அது ஓய்ந்தபோது சுற்றவேண்டும். முன்பே முறுக்கேறிய நரம்பாயின், முள்ளையும் ஈயத்தையும் நீக்கி, ஓடும் நீரில் நீள விட்டு வைத்தால் முறுக்குத் தானே அவிழும்.

மணலிலிருந்து பொறுக்கிய பந்தை முதியவர் என்ன செய்தார் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அவர் குடிசை ஓரத்தில் ஒரு பழைய பிளாஸ்டிக் புட்டி இருந்தது. சிறு துண்டுகளாக வெட்டிய நரம்பு அதில் முக்காற்பங்கு நிறைந்திருந்தது. மக்காத நைலான் அலையோடு போய் அலையோடு மீளும். கரையில் இரைதேடும் கொக்கும் காக்கையும் அதன் கண்ணியில் கால் மாட்டிக்கொள்ளும். தை முதல் பங்குனி ஈறாகப் பெசன்ட் நகர் முதல் நீலாங்கரை வரையுள்ள மணலில் முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கும் இதனால் இடர் உண்டு. துடுப்புப் போன்ற அதன் காலில் நரம்பு சுற்றினால், அது இழுக்க இழுக்க இறுகும். 1988 முதல் இந்நகரத்து மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அம்முட்டைகளைத் திரட்டிக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகின்றனர். "நாங்கள் சிறுவராயிருந்தபோது கயிறு மக்கிப்போகும், எங்கே போட்டாலும் கவலையில்லை. இது எனக்குப் பின்னும் கிடக்கும் ஐயா" என்றார் முதியவர்.

பேரன் அன்று ஒன்பது முறை எறிந்தான். ஒரு முறையும் சிக்கு விழவில்லை, கொடுவாவும் விழவில்லை. பத்தாம் முறை விரல்நீளக் கிழங்கான் ஒன்று முள்ளில் துடித்து வந்தது. முதியவர் அதனை நனைந்த கையால் பற்றி முள்ளைக் கழற்றி, "வளரட்டும்" என்று நீரில் விட்டார். பேரன் அறுந்துபோன இரண்டு விரற்கடை நரம்பைக் கீழே போடப் போனவன், கையை மடக்கிக்கொண்டு, புட்டி எங்கே என்று சுற்றிப் பார்த்தான்.