ஒரு தடவை வந்தா மறுபடி வராதா?

“எனக்குத்தான் போன வருஷமே கொரோனா வந்துட்டுப் போயிடுச்சே டாக்டர்! அம்மை மாதிரி ஒரு தடவையோட முடிஞ்சுடாதா?”

2022 ஜனவரியில் காய்ச்சலும் தொண்டை வலியுமாக வந்த ஓர் அம்மா கேட்டது. வயது அறுபதைத் தாண்டியாச்சு, சர்க்கரை வேறு. ‘ஒரு தடவை வந்தாச்சு’ என்ற தைரியத்தில் தடுப்பூசியும் போட்டுக்கொள்ளவில்லை.

அம்மை விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். மணல்வாரி அம்மை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் திரும்பாது. அந்தக் கிருமியின் மேலுறை அதிகம் மாறுவதில்லை. கொரோனா அப்படியில்லை.

அதன் மேல் முள் முள்ளாக இருக்கிறதே, அதை வைத்துத்தான் நம் செல்லைப் பிடித்து உள்ளே நுழைகிறது. நோய் வந்து குணமானவர் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள், அடுத்த தடவை அந்த முள்ளில் போய் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். ஆனால், 2021 நவம்பரில் தெரியவந்த ஒமிக்ரானின் முள்ளில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள்! பழைய எதிர்ப்பொருளில் பெரும்பகுதிக்குப் பிடி கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, மாதங்கள் போகப் போக அதன் அளவும் குறைகிறது.

கத்தார் நாட்டில் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். முன்பே கொரோனா வந்தவர்களுக்கு, டெல்டா தொற்றாமல் இருக்க சுமார் 92 சதவீதப் பாதுகாப்பு இருந்தது. ஒமிக்ரானிடம் அது 56-தான். ஆனால் நோய் முற்றாமல் காப்பது மட்டும் 88 சதவீத அளவுக்கு நின்றது.

காரணம், ‘டி செல்’ என்கிற வெள்ளை அணுக்கள். இவை முள்ளை மட்டும் நம்பியிருப்பதில்லை. கிருமியின் பல துண்டுகளை ஞாபகம் வைத்திருந்து, தொற்றிய செல்லையே அழிக்கும். காய்ச்சல் வரும், முற்றுவது குறையும். என்றாலும் வயதானவர்கள், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. தடுப்பூசி பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

“கபசுரக் குடிநீர் குடிக்கிறேனே, போதாதா?” என்பார்கள். நானும் சித்த வைத்தியன்தான், அதைக் கொடுக்கிறவன்தான். ஆனால் அது தடுப்பூசிக்கு மாற்று ஆகாது. மூச்சு வாங்கினாலோ, ஆக்ஸிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினாலோ, கஷாயம் காய்ச்சிக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அந்த அம்மா ஐந்தே நாளில் எழுந்துவிட்டார். மூன்று மாதம் கழித்து ஊசியும் போட்டுக்கொண்டார். கூடவே, மாட்டேன் என்ற வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனாராம்!