மெல்போர்ன் விரிகுடாவில் ஸ்னாப்பர் காலம்

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரை ஒட்டியிருக்கிறது போர்ட் பிலிப் விரிகுடா. பரப்பு ஏறத்தாழ 1,930 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடமே சுமார் 24 மீட்டர்தான். கடலோடு சேரும் வாயின் அகலம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர்.

அங்கே வசந்தகாலமான அக்டோபர், நவம்பரில் ஸ்னாப்பர் மீன்கள் முட்டையிடுவதற்காக இந்த விரிகுடாவுக்குள் திரளாக வரும். விடுமுறை நாளென்றால் நண்பர்கள் கூடி, இருள் பிரியும் முன்பே படகை இறக்கிவிடுவார்கள். தூண்டிலுக்கு இரை மத்தியும் கணவாயும். விடியலிலும் அந்தியிலும் மீன் நன்றாகக் கடிக்கும்.

ஆனால், கிடைத்ததையெல்லாம் அள்ளிவர முடியாது. 28 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஸ்னாப்பரைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். ஒருவர் ஒரு நாளில் 10 மீன் வரை வைத்துக்கொள்ளலாம். அவற்றில் 40 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளவை மூன்றைத் தாண்டக் கூடாது. பெரிய பெண் மீன்கள் அதிகமாக முட்டையிடுபவை. அவை தப்பினால்தான் இனம் பெருகும்.

18 முதல் 69 வயது வரை உள்ளவர்களுக்குப் பொதுவாக மீன்பிடி உரிமம் கட்டாயம். 4.8 மீட்டருக்கு மேற்படாத மோட்டார் படகு ஓடும்போது, திறந்த பகுதியில் இருப்பவர்கள் உயிர்காப்பு அங்கியைக் கழற்றவே கூடாது.

மீனின் நீளத்துக்கும் விதி இருப்பதால், அங்கே படகேறுபவர்கள் தூண்டில், இரையோடு ஓர் அளவுகோலையும் மறக்காமல் எடுத்துச் செல்கிறார்கள்.